பச்சை எரிந்த தொட்டியில் காற்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் தேயிலைப் பெக்டரிகள் நவீனமாகி வருவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கடைசிப் பத்தியில் மட்டும் "இனி எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும், தொழிலாளி பட்டனை அழுத்தினால் போதும்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் பேனா தேடப் போனேன்.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெக்டரியில் 31 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன். பட்டனை அழுத்தினால் போதும் என்றால், அழுத்தியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று யார் பார்ப்பது? பட்டனுக்கும் மோட்டருக்கும் நடுவில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அந்தப் பெட்டி யாருக்கும் புரியாமல் போனதால் ஒரு பையனுக்கு ஒரு வாரச் சம்பளம் போன கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

பெட்டியின் பெயர் ஃபீல்ட்பஸ் கப்ளர். எங்களுக்கு ஃபீல்ட் என்றால் தேயிலை மலை, பஸ் என்றால் ஹட்டன் பஸ். முதன்முதலில் இந்தப் பேச்சு அடிபட்டபோது, மலைக்கு ஆள் ஏற்றிப் போக பஸ் வாங்கப் போகிறார்களாக்கும் என்று எங்கள் ஃபிட்டர் அண்ணன் நம்பியே விட்டார். ஒரு வகையில் அது பஸ்தான். முன்பு ஒவ்வொருவரும் தனித்தனி ஒற்றையடிப் பாதையில் நடந்து போனார்கள். இப்போது எல்லோரும் ஒரே வண்டியில் போகிறார்கள்.

அந்த ஒற்றையடிப் பாதைகளை நான் நன்றாக அறிவேன். எங்கள் பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் 16. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெரிய ஃபேன். ஒரு ஃபேனுக்கு "ஓடு" என்று சொல்ல ஒரு வயர், "ஓடுகிறேன்" என்று அது பதில் சொல்ல ஒரு வயர், ஓவர்லோட் விழுந்தால் சொல்ல ஒரு வயர். அதுவே 48. போதாததற்குக் காற்றின் ஈரம் பார்க்க உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள். எல்லாம் மாடியிலிருந்து கீழே உள்ள கண்ட்ரோல் அறைக்கு ஆள் தொடை பருமனில் ஒரு கட்டாக இறங்கும். எலி ஓரிடத்தில் கடித்துவிட்டால் எது எந்த வயர் என்று மணியடித்துப் பார்க்கவே ஒரு ராத்திரி போய்விடும்.

கப்ளர் வந்த பிறகு மாடியிலேயே ஒரு பெனல் வைத்தார்கள். உள்ளே 35 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இரும்புத் தண்டவாளம். இடது ஓரத்தில் கப்ளர். அதை ஒட்டி வலது பக்கமாக, தீப்பெட்டியை நிமிர்த்தி அடுக்கியதுபோல் வரிசையாகக் கார்டுகள். சில கார்டுகள் வெளியே கட்டளை அனுப்புபவை, ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கொண்டக்டரை இழுப்பவை. சில உள்ளே செய்தி வாங்குபவை, ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று 24 வோல்ட் வந்ததா பார்த்துச் சொல்பவை. சில வெப்பம் அளப்பவை. கடைசியில், வயரே மாட்டாத ஒரு வெறும் கார்ட். அதற்கு எண்ட் கார்ட் என்று பெயர். கீழே கண்ட்ரோல் அறைக்கு இறங்குவது சுண்டுவிரல் தடிமனில் ஒரே ஒரு கேபிள். அதற்குள் இரண்டு வயரும் சுற்றிலும் ஒரு கவசமும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வயரில் எப்படி 48 பேர் பேசுகிறார்கள் என்றால், அவர்கள் பேசுவதே இல்லை. பேசுவது கப்ளர் மட்டும்.

தோட்டத்தில் பிறந்த உங்கள் வாசகர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் யார் எத்தனை கிலோ பறித்தார் என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டு வருகிறார். ஒஃபிசில் உள்ள கிளாக்கர் மலைக்குப் போவதில்லை. அவருக்குத் தெரிந்தது செக்ரோல் மட்டுமே. கப்ளருக்குள்ளும் அப்படி இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று உள்ளே வரும் செய்திகளுக்கு, மற்றது வெளியே போகும் கட்டளைகளுக்கு. கப்ளர் தன் பக்கத்துக் கார்டுகளைச் சில மில்லி செக்கனுக்கு ஒரு தடவை சுற்றி வந்து, உள்ளே வந்ததை முதல் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. இரண்டாவது அட்டவணையில் இருப்பதை எடுத்து அந்தந்தக் கார்டில் போடுகிறது. கீழே இருக்கும் கண்ட்ரோலர், அதாவது கட்டளை போடும் கணினி, வேறொரு கணக்கில், தனக்கு வசதிப்பட்டபோது, அட்டவணையைப் படிக்கிறது, எழுதுகிறது. இரண்டு பேருக்கும் வேலை நேரம் வேறு வேறு. சந்திக்கும் இடம் அந்த அட்டவணை.

கொடுப்பதும் வாங்குவதும் எப்படி நடக்கிறது என்பதற்கு வட்டகொடை ஸ்டேசனில் நின்று பார்த்தால் போதும். நம் மலைநாட்டு ரயில் ஒற்றைப் பாதை. வண்டி மெதுவாகப் போகும்போதே பாதையில் போக அனுமதியான பழைய டெப்லெட் வளையத்தைக் கொடுத்துப் புதிய வளையத்தை வாங்கிக்கொள்வார்கள். ஒரே கை வீச்சில் இரண்டு வேலை. புரொஃபிபஸ் என்ற முறையில் இப்படித்தான்: கண்ட்ரோலர் கட்டளைகளைக் கொடுக்கிறது, கப்ளர் அதே மூச்சில் செய்திகளைத் திருப்பிக் கொடுக்கிறது. 2003 இல் வந்த ஈதர்கெட் என்பதில் வண்டி நிற்கக்கூட இல்லை. தகவல் கப்ளர்கள் வழியே ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு அவரவர் செய்தியை ஏற்றிவிடுகிறார்கள். எங்களிடம் இருந்தது அவ்வளவு வேகமானதல்ல. 1979 இல் மொடிகொன் கம்பெனி கொண்டுவந்த மொட்பஸ். அதில் கண்ட்ரோலர் "5ஆம் நம்பர், இந்த இடத்திலிருந்து 20 வரியைப் படி" என்று கேட்கும். 5ஆம் நம்பர் படித்துச் சொல்லும். எழுத வேண்டுமென்றால் அதற்கு வேறொரு கட்டளை எண். கேட்காமல் கப்ளர் வாய் திறக்காது.

செக்கனுக்கு 19,200 பிட் என்ற வேகத்தில் ஓர் எழுத்து போக அரை மில்லி செக்கனுக்குச் சற்றுக் கூட ஆகும். 20 வரி கேட்டுப் பதில் வாங்க 30 மில்லி செக்கனுக்கு மேல். ஐந்து கப்ளரைச் சுற்றி வர 200 என்று வையுங்கள். கொழுந்து வாட 12 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதற்கு இந்த வேகம் தாராளம். மைக்ரோ செக்கன் கணக்குச் சொல்லி விலை ஏற்றி விற்க வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு விசயம். 50 மில்லி செக்கன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் துடிப்பை, 200க்கு ஒரு தடவை வந்து பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பார்? ட்ரையரின் தட்டுச் சங்கிலி வேகத்தை அளக்க, சக்கரப் பல்லை எண்ணும் ஒரு சென்சர் வைத்துவிட்டு, பாதிப் பல்லைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினோம். அதற்கென்று தானே எண்ணிவைக்கும் கார்ட் தனியாக இருக்கிறது. அதைப் போட்டதும் சரியானது.

சரி, பையன் கதைக்கு வருகிறேன்.

2016 ஆடி மாதம். காற்றும் மழையுமாக நாள் கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். வெறும் காற்றில் வாடாது, கொஞ்சம் சுடுகாற்றும் கலந்து விட வேண்டும். அந்தச் சுடுகாற்றுக் கதவுகளைக் கையால் திறந்து மூடுவதைவிட மோட்டர் வைத்தால் நல்லது என்று முடிவு செய்து, வெளியிலிருந்து ஆட்கள் வந்து நான்கு கதவுக்கு மோட்டர் மாட்டினார்கள். அதற்கு நான்கு கட்டளை வேண்டும், ஆகவே மாடிப் பெனலில் புதிதாக ஒரு கார்ட். நான் அந்த வாரம் லீவில், மகளுடைய பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தேன். இருந்திருந்தால் மட்டும் தடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

வந்தவர்கள் ஒரு பிற்பகலில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று ராத்திரி மாடியில் நின்றது 22 வயதுப் பையன், எங்கள் லயத்துக்குக் கீழ் லயம். 13, 14, 15, 16 ஆம் தொட்டிகளில் கொழுந்து பரப்பியாயிற்று. ஒரு தொட்டிக்கு 500, 600 கிலோ. பையன் கீழே வந்து திரையில் நான்கையும் அழுத்தினான். நான்கும் பச்சையாயின. மேலே ஃபேன் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ரோலர் பக்கம் ஆள் பற்றாக்குறை என்று அவனை அங்கே இழுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலையில் மாடிக்கு ஏறியவர்களுக்கு வாடைதான் முதலில் அடித்தது. புழுங்கின வாடை. கையை உள்ளே விட்டால் சூடு. காற்றில்லாமல் குவிந்து கிடந்த கொழுந்து தன் சூட்டிலேயே சிவந்துவிட்டது. பக்கத்தில் 9இலிருந்து 12 வரை, ஓர் இலைகூட இல்லாத வெறுந்தொட்டிகளில் ராத்திரி முழுக்கக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

பச்சைக் கொழுந்து 2,000 கிலோவுக்கு மேல் என்றால் தூளாக 400 கிலோவுக்குக் குறையாது. தொரை கேட்டார், டீ மேக்கர் ஐயா கேட்டார். கணினி பிழை செய்யாது, ஆகவே பையன்தான் மாற்றி அழுத்தியிருக்கிறான் என்று முடிவானது. ஒரு வாரத்துக்கு வேலை இல்லை.

நான் பதுளையிலிருந்து வந்த அன்று இரவே வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, நான் பதிமூணத்தான் அமத்துனேன். பச்சை எரிஞ்சுச்சு மாமா. நாலும் எரிஞ்சுச்சு. கண்ணால பார்த்தேன்."

"மேல போய்ப் பார்த்தியா?"

"சத்தம் கேட்டுச்சே மாமா."

பொய் சொல்கிறவன் சத்தத்தைப் பற்றிப் பேசமாட்டான். அப்படி எனக்குப் பட்டது.

மறுநாள் தொட்டிகள் காலியாக இருந்த நேரம் பார்த்து, அவனைக் கீழே திரைக்கு முன் நிறுத்திவிட்டு, நான் மாடிக்குப் போய்ப் பெனலைத் திறந்தேன். கார்டுகளில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு குண்டூசித்தலை அளவு விளக்கு உண்டு. கட்டளை வந்தால் அது எரியும். கைத்தொலைபேசியில் "பதிமூணை அமத்து" என்றேன். எரிந்தது. ஆனால் எரிந்தது 9ஆம் தொட்டியின் விளக்கு. "ஒன்பதை அமத்து" என்றேன். மாடியின் கோடியில் சுடுகாற்றுக் கதவு ஒன்று கிறீச்சென்று திறந்தது.

அப்புறம்தான் கார்டுகளை விரலால் தொட்டு எண்ணினேன். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாக் கார்டுகளின் தலையிலும் தேயிலைத் தூசி மஞ்சளாகப் படிந்திருந்தது. ஒன்று மட்டும் பளபளவென்று, இரண்டாவது கார்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்.

நடந்தது இதுதான். எங்கள் பெனலில் கட்டளைக் கார்டுகள் நான்கு, ஒன்றுக்கு நான்கு வழி. முதல் கார்ட் 1 முதல் 4 வரை உள்ள தொட்டிகளுக்கு, இரண்டாவது 5 முதல் 8, மூன்றாவது 9 முதல் 12, நான்காவது 13 முதல் 16. கப்ளருக்குக் கரண்ட் வரும்போதெல்லாம் அது தன் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக ஆள் எண்ணும். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைக் கொண்டுதான் அட்டவணையில் இடம் கொடுக்கும். தொட்டி, ஃபேன், கதவு என்று அதற்கு ஒன்றும் தெரியாது. புதுக் கார்டை நடுவில் சொருகியதும், மூன்றாவது இடம் கதவுகளுக்குப் போய்விட்டது. 9 முதல் 12 வரை உள்ள தொட்டிகள் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டன. 13 முதல் 16 வரை ஐந்தாவது இடத்துக்குப் போயின. கண்ட்ரோல் அறையில் இருந்த புரோகிராம் அந்த ஐந்தாவது இடத்தில் எதையும் எழுதவே இல்லை. பையன் 13ஐ அழுத்தினான், புரோகிராம் வழக்கம்போல் நான்காவது இடத்தின் முதல் கட்டத்தில் 1 என்று எழுதியது, கப்ளர் அதை அப்போது நான்காவதாக நின்ற கார்டுக்குக் கொடுத்தது. எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

ஏன் நடுவில் போட்டார்கள்? கடைசியில், எண்ட் கார்டுக்கு முன்னால் போட்டிருந்தால் பழைய கட்டளைக் கார்டுகள் ஒன்றும் இடம் மாறியிருக்காது. வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கதவு மோட்டரிலிருந்து வந்த கேபிள் ஒரு சாண் கட்டை. கடைசி வரை எட்டவில்லை. அவ்வளவுதான் காரணம். (கடைசியில் போட்டால் எப்போதும் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சில கம்பெனிக் கப்ளர்கள் வெப்பம், அழுத்தம் போன்ற எண் தரும் கார்டுகளை அட்டவணையில் முதலில் வைத்துவிட்டு, ஆம் இல்லை கார்டுகளை அதற்குப் பிறகுதான் அடுக்கும். அங்கே கடைசியில் ஒரு வெப்பக் கார்ட் போட்டாலும் மற்றவை நகரும்.)

இதே வேலையைப் புரொஃபிபஸ் கப்ளரில் செய்திருந்தால் அன்று மாலையே பிடிபட்டிருக்கும். அங்கே கண்ட்ரோலர் தொடக்கத்திலேயே "உன்னிடம் இன்னின்ன கார்டுகள் இருக்க வேண்டும்" என்று பட்டியலைச் சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் கொடுக்கல் வாங்கலே தொடங்காது. மொட்பஸ் அதையெல்லாம் கேட்பதில்லை. அட்டவணையில் உள்ள எந்த வரியில் எழுதச் சொன்னாலும் எழுதிவிட்டுப் போய்விடும். விலை மலிவு, யாரும் பழகலாம், அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் சுபாவம் அது.

என்னைக் கோபப்படுத்தியது கார்ட் அல்ல. திரை. 13ஆம் தொட்டியிலிருந்து "ஓடுகிறேன்" என்று சொல்ல ஒரு வயர் இருக்கிறது என்றேனே, அது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. கட்டளைக் கார்ட் இடம் மாறியதால் உள்ளே வரும் அட்டவணைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது வேறு. அன்று ராத்திரி முழுக்க அந்த அட்டவணையில் 13க்கு நேரே 0, 14க்கு 0, 15க்கு 0, 16க்கு 0 என்றுதான் இருந்திருக்கும். 9இலிருந்து 12 வரை 1 என்று இருந்திருக்கும். கப்ளர் அதைக் கேட்ட போதெல்லாம் கீழே சொல்லிக்கொண்டும் இருந்திருக்கும். திரையை வடிவமைத்தவர் அதை எடுத்துக் காட்டவில்லை. பட்டனை அழுத்தினால் அந்தப் படமே பச்சையாகும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்லும் பச்சை. அதை நம்பித்தான் பையன் ரோலர் பக்கம் போனான்.

டீ மேக்கர் ஐயாவை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் நல்ல மனுஷன், பளபளத்த கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வேலையில் உடனே சேர்த்துவிட்டார்கள். ஒரு வாரச் சம்பளம் திரும்பி வர ஒரு மாதம் இழுத்தது. வருத்தம் என்று யாரும் அவனிடம் வாய் திறந்து சொன்னதாக எனக்குத் தெரியாது.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சிறு பெட்டியோடு நான் ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவன். பாதித் தொல்லை அது எப்படி யோசிக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லாததால் வந்தது. ஒரு நாள் மாடி வெப்பம் 742.5 பாகை என்று திரையில் வந்தது. ஆளுக்காள் சிரித்தார்கள். உண்மையில் மாடி 28.5 பாகை. அந்தக் கார்ட் பத்தில் ஒரு பாகையை 1 என்று எண்ணும், ஆகவே 285 என்று எழுதியிருந்தது. ஒரு வரி இரண்டு பைட். 285 என்பது மேல் பைட்டில் 1, கீழ் பைட்டில் 29. புதிதாக வந்த கண்ட்ரோலர் அதைத் தலைகீழாக, மேலே 29, கீழே 1 என்று படித்தது. 29ஐ 256ஆல் பெருக்கி 1ஐக் கூட்டிப் பாருங்கள், 7,425. ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அதற்குள் நல்ல வெப்பமானி ஒன்றைக் கழற்றி எறிந்திருந்தோம்.

இன்னொரு தடவை இடி விழுந்த பிறகு, திரையில் எல்லா ஃபேனும் நின்றுவிட்டதாகச் சிவப்பு. (அப்போது திரையைத் திருத்தியாகிவிட்டது.) மாடியிலோ 16 ஃபேனும் இரைகின்றன. கப்ளரின் விளக்கு பச்சை. காதை நம்பினேன். கப்ளருக்கு ஒரு 24 வோல்ட், அதன் கார்டுகள் வெளியே உள்ள சுவிட்சுகளைப் பார்க்க வேறொரு 24 வோல்ட். இரண்டாவதன் ஃபியூஸ் போயிருந்தது. கப்ளர் உயிரோடுதான் இருந்தது, கண்தான் தெரியவில்லை.

ட்ரையர் பக்கம் நடந்தது இதைவிடப் பெரிது, அதைச் சொல்லாமல் விட முடியாது. கண்ட்ரோலர் பேச்சை நிறுத்திவிட்டால் கப்ளர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? அதற்கென்று உள்ளே ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் யாரும் பேசாவிட்டால், கட்டளை அட்டவணையைத் துடைத்து எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும். நல்ல ஏற்பாடு. ரோலருக்கு அதுதான் வேண்டும், கேபிள் அறுந்தால் ரோலர் நிற்க வேண்டும். ஆனால் ட்ரையரில் எல்லாம் 0 என்றால் விறகு போடுவதும் நிற்கும், சுடுகாற்று இழுக்கும் ஃபேனும் நிற்கும். அடுப்பில் ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் விறகு கட்டளைக்கு அணையுமா? சூடு போக வழியில்லாமல் அடுப்புக் குழாய்கள் சிவந்துபோய்விடும், உள்ளே உள்ள தூளும் கருகும். எங்களுக்கு அப்படி ஒரு மாலை நடந்தது. காரணம், கீழே யாரோ கேபிள் இணைப்பைத் தடுக்கிக் கழற்றிவிட்டது. பெரிய சேதம் இல்லை, பயம்தான். அதற்குப் பிறகு அந்த ஃபேனுக்கு மட்டும், தொடர்பு போனாலும் ஓட்டத்தை விடாதே என்று மாற்றிவைத்தோம். சில கப்ளர்களில் இப்படி ஒவ்வொரு வழிக்கும் தனியாகச் சொல்லி வைக்கலாம், சிலவற்றில் முடியாது, வாங்கும்போதே கேட்க வேண்டும். அவசர நிறுத்தப் பட்டனை மட்டும் நான் ஒருநாளும் இந்தச் சாதாரணக் கார்டுகள் வழியாக விடவில்லை. அது பழைய காலத்து வயர், நேரே கொண்டக்டருக்கு. இளைஞர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

இப்போது நான் கேட்க வந்தது. இந்தப் பெட்டியோடு வருகிற புத்தகம் 200 பக்கம், ஆங்கிலம். அது ஒஃபிஸ் அலுமாரிக்குள் போய்விடும். வேலை முடித்துவிட்டுப் போகிறவர்கள் பெனல் கதவின் உட்பக்கத்தில் ஒரு வரைபடம் ஒட்டிவிட்டுப் போவார்கள், அதுவும் சில இடங்களில்தான், அதுவும் ஆங்கிலத்தில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கதவைத் திறக்கிறவன் யார்? தமிழ்ப் பாடசாலையில் சாதாரண தரம் வரை படித்த பிள்ளை. ஜெர்மனியில் புரொஃபிபஸ் வேலை தொடங்கிய அதே 1987 இல்தான் 13ஆவது திருத்தத்தில் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று எழுதினார்கள். புரொஃபிபஸ் மலைக்கு ஏறி வந்துவிட்டது. தமிழ் இன்னும் பெனல் கதவுக்கு வந்து சேரவில்லை.

கம்பெனிகளும் தோட்ட நிர்வாகங்களும் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். வேலையை ஒப்படைக்கும்போது, எந்தக் கார்ட் எத்தனையாவது, அதன் எந்த வழி எந்த மெசினுக்கு என்று ஒரு தாளில் தமிழிலும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அந்தத் தாள் இல்லாமல் பில்லுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். தொழிற்பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள், இந்த இரண்டு அட்டவணைக் கதையையும் ஒரு பகல் பொழுதில் சொல்லிவிடலாம். நான் அந்தப் பையனுக்குப் பெனலுக்கு முன் நின்றபடி ஒன்றரை மணி நேரத்தில் சொன்னேன், பிடித்துக்கொண்டான். உங்கள் கட்டுரை எழுதியவரும் அடுத்த தடவை பெக்டரிக்குப் போனால், திரையைப் படம் எடுத்த பிறகு மாடிக்கும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

எங்கள் மாடிப் பெனல் கதவில் அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது. என் கையெழுத்துதான், அழகாக இருக்காது. தூசிக்கும் பனிக்கும் தாங்க வேண்டும் என்று தலவாக்கலை டவுனில் பிளாஸ்டிக் போட்டு எடுத்து வந்தோம். 1 முதல் 5 வரை கட்டளைக் கார்டுகள், எந்தத் தொட்டி, எந்தக் கதவு என்று தனித்தனிக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். புதுக் கார்டைப் பிறகு நாங்களே வயர் நீட்டி ஐந்தாவது இடத்துக்கு மாற்றிவிட்டோம். அதற்குக் கீழே உள்ளே வருபவை, வெப்பம். ஆகக் கீழே சிவப்பு மையில் எழுதியிருப்பது பையன். ஒருமுறை யாரோ பெனலைத் துடைக்கும்போது கடைசிக் கார்டைக் கழற்றி, வயர் இல்லாததால் வேண்டாத சாமான் என்று மேசை லாச்சியில் போட்டுவிட, மாடி முழுக்க நின்றுபோன நாளில் அவனே எழுதி ஒட்டியது:

"கடைசியில் உள்ள வெறும் கார்டைக் கழற்ற வேண்டாம். அது வெறும் கார்ட் இல்லை."

பையனின் நன்மை கருதி என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெக்டரி எலக்ட்ரீசியன்,
லிந்துலை.